மர்ஹூன் சொல்லாமல் விட்ட யோசனை

மர்ஹூனின் டாக்ஸியில் ஏறுகிறவர்கள் இரண்டு கட்டணம் கொடுக்க வேண்டும். ஒன்று பணம். இன்னொன்று காது. பணத்தையாவது பேசிக் குறைக்கலாம். காதுக் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது.

நான் ஹம்தான். அவனுடைய பெரியப்பா மகன், நாலு வருஷம் மூத்தவன். மஸ்கட்டின் துறைமுகப் பகுதியான மத்ராவில் மீன் சந்தையைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி நிற்கும் டாக்ஸி வரிசையில் பதினெட்டு வருஷமாக அவன் வண்டிக்குப் பின்னால் என் வண்டி. அதனால் அவன் பேசியதில் பாதி என் காதில்தான் வந்து விழுந்திருக்கிறது. என் வலது காது கொஞ்சம் மந்தம் என்று டாக்டர் சொன்னபோது நான் ஆச்சரியப்படவே இல்லை.

குளிர்காலம் வந்தால் கப்பல் வரும். கப்பல் வந்தால் மனிதர்கள் வருவார்கள், கையில் மேப், தலையில் தொப்பி, முகத்தில் குழப்பம். மற்ற டிரைவர்கள் "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுவார்கள். மர்ஹூன் அப்படிக் கூப்பிட மாட்டான்.

"சார், முதல்ல அந்த மேப்பை மடிச்சு உள்ள வைங்க. மேப் விரிச்சவருக்கு ஒரு விலை, மடிச்சவருக்கு ஒரு விலை" என்பான். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "எந்த டாக்ஸியில ஏறினாலும் ஏறுறதுக்கு முன்னாடி காசு பேசிடுங்க. ஏறி உக்காந்த பிறகு பேசினா எங்க ஆளுங்க சொல்றதுதான் ரேட்டு. அதோ நிக்கிறாரே என் அண்ணன் ஹம்தான், அவரே அப்படித்தான்."

தன் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். அப்படியே கையை நீட்டி அண்ணன் தலையிலும் போடுகிறவனை இவனிடம்தான் பார்த்தேன்.

"ஏண்டா, உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அண்ணே, முதல் தடவை ஒரு ஊருக்கு வர்றவன் குழந்தை மாதிரி. எங்க வழுக்கும்னு தெரியாது. சொல்லணும்ல?"

"சொல்லு. என் பேரை ஏன் சொல்ற?"

"உதாரணம் இல்லாம சொன்னா மனசுல நிக்காதுண்ணே."

அவன் யோசனைகளுக்குக் கணக்கே கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கடைத்தெருவுக்குப் போகாதே, பூனைகள் மட்டும்தான் வியாபாரம் செய்யும். வெள்ளிக்கிழமை காலையில் எதையும் வாங்க நினைக்காதே. ஜூன் மாசத்தில் கூட ஒரு சால்வை வைத்துக்கொள், வெளியே வெயில் கொல்லும், உள்ளே ஏசி கொல்லும். சூக் என்கிற பழைய சந்தையில் பேரம் பேசும்போது மூன்று அடி நடந்து போ, கடைக்காரன் கூப்பிடுவான். நாலாவது அடி வைத்தால் நீ நிஜமாகவே போகிறாய் என்று நினைத்துக்கொள்வான். பெண்களைப் போட்டோ எடுக்காதே. பெண் கை நீட்டினால் கை கொடு, இல்லாவிட்டால் நெஞ்சில் கை வைத்துத் தலை அசை. யார் வீட்டிலும் எந்தச் சாமானையும் அதிகமாகப் புகழாதே. இந்தக் கடைசி யோசனைக்கும் ஒரு உதாரணம் உண்டு. ஒரு ஜெர்மன்காரர் எங்கள் தாய்மாமன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை மூன்று தடவை "அழகு, அழகு" என்றார். மாமா அதைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மாமா வீட்டில் தொழுகை நேரத்துக்குப் பக்கத்து வீட்டைத்தான் கேட்கிறார்கள்.

சிரிக்கலாம். ஆனால் மர்ஹூனுக்கு ஐம்பத்து நாலு வயதில் வந்த நல்லதும் கெட்டதும் இந்த வாயால் வந்தவைதான்.

அவன் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஷம்ஸா, கல்யாணமாகி சோஹாரில் இருக்கிறாள். வீட்டில் பேச ஆள் கிடையாது என்பதால்தான் டாக்ஸியில் இரண்டு மடங்கு பேசினான் என்று நினைக்கிறேன். போன வருஷம் சமாயில் என்ற நகரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி அவன் வண்டியில் வாரம் இரண்டு தடவை மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தாள். பெயர் சுவைனா. விதவை, நாற்பத்தாறு வயது, ஊர்ப் பெண்கள் பள்ளியில் நூலகம் பார்க்கிறவள். கண்ணில் ஆபரேஷன். வெளிச்சம் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் இரண்டு கண்ணையும் துணியால் மூடிக்கொண்டுதான் வருவாள். துணைக்கு வரும் பக்கத்து வீட்டு அம்மாள் வண்டி கிளம்பியதும் தூங்கிவிடுவாள்.

முதல் நாள் மர்ஹூன் வழக்கம் போல ஆரம்பித்தான். "வலப்பக்கம் மலை. மலை மேல ஒரு கோட்டை. நூறு கொத்தளம் இருக்கும்."

"நூறா? நான் கண்ணு தெரியும்போது பார்த்தப்ப ரெண்டுதானே இருந்துச்சு?"

மர்ஹூன் கொஞ்ச தூரம் ஓட்டினான். "ரெண்டுதான்."

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க. என் கண்ணுதான் மூடியிருக்கு, மூளை திறந்துதான் இருக்கு."

அவன் வாயை அப்படி யாரும் கட்டிப் போட்டதில்லை. மூன்று மாசம் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினான். பேரீச்சை மரத்தில் குலை கட்டியிருக்கிறார்கள், ஒரு லாரி கவிழ்ந்து வெங்காயம் ரோட்டில் கிடக்கிறது, ஒரு ஒட்டகம் ரோட்டைக் கடக்க யோசித்துக்கொண்டு நிற்கிறது, இன்னும் யோசிக்கிறது, வேண்டாமென்று திரும்பிவிட்டது. அவள் சிரிப்பாளாம். கட்டு அவிழ்த்த நாளில் அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, "நீங்க இவ்வளவு குண்டுன்னு சொல்லவே இல்லையே" என்றாளாம். அன்றைக்கு ராத்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பேச்சே வரவில்லை. விஷயம் முற்றிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

பெண் கேட்டுப் போனது நான்தான். சுவைனாவின் அண்ணன் முஹன்னா என்னை நன்றாக உபசரித்தார், பேரீச்சம்பழம் கொடுத்தார், காபி கொடுத்தார், பிறகு பதிலையும் கொடுத்தார்.

"ஹம்தான், உன் தம்பி நல்லவன்தான். ஆனா அவன் வாய்க்குக் கதவு கிடையாது. அதுலயும் ஒண்ணைப் பத்தாக்கிச் சொல்ற வாய். என் தங்கச்சி இன்னைக்கு என்ன சமைச்சான்னு நாளைக்கு கப்பல்ல வர்றவனுக்கெல்லாம் தெரியும். சமைக்காததும் தெரியும். வேண்டாம்."

முஹன்னா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு ஏழு மாசம் மர்ஹூன் அந்தப் பக்கத்து ரோட்டில் வண்டியைத் திருப்பவே இல்லை. நிஸ்வா போக வேண்டுமென்றால் அந்த ஊருக்குள் இறங்காமல் மேல் ரோட்டிலேயே போய்விடுவான். யோசனை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் நடுநடுவே நின்று, "ரெண்டு கொத்தளம்தான் சார், அதிகம் இல்ல" என்பான். சுற்றுலா வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. எனக்குப் புரியும்.

இந்த நிலைமையில்தான் யானோஷ் வந்தார். ஹங்கேரி நாட்டுக்காரர், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், வெள்ளை மீசை, கையில் ஒரு பச்சை நோட்டு. மர்ஹூன் சொல்வதையெல்லாம் நம்பர் போட்டு எழுதிக்கொள்வார். எழுதுவது மட்டுமல்ல, அப்படியே செய்வார். சூக்கில் மூன்று அடி நடந்தார், நாலாவது அடி வைக்காமல் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார். கடைக்காரனே பதறிப்போய் விலையைக் குறைத்தான். இப்படி ஒரு மாணவன் எந்த வாத்தியாருக்குக் கிடைப்பான்? மர்ஹூன் பூரித்துப் போனான்.

மூன்றாம் நாள் யானோஷ், தண்ணீர் ஓடுகிற பழைய ஃபலஜ் வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்றார். என் வண்டியின் கியர் பெட்டி வாதி கபீர் மெக்கானிக் கடையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. நானும் கூடப் போகலாம் என்று ஏறிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வரும் வாரம் நிஸ்வாவிலிருந்து ஒரு ஆட்டு வியாபாரி சுவைனாவைப் பெண் கேட்டு வருகிறார் என்று என் மனைவி முந்தின நாள்தான் தகவல் கொண்டு வந்திருந்தாள். வசதியான ஆள். அதிகம் வாய் திறக்காத ஆள். முஹன்னாவுக்குப் பிடிக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. மர்ஹூனிடம் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான்.

"சார், சமாயில் பக்கத்துல ஒரு ஊர் இருக்கு. அங்க இருக்கிற வாய்க்கால் மாதிரி எங்கயும் கிடையாது" என்று யானோஷிடம் நான் ஊர்ப் பேரைச் சொன்னேன். அவர் நோட்டில் எழுதிவிட்டார். எழுதினால் முடிந்தது.

மர்ஹூன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "அண்ணே, உங்களுக்கு வேற ஊரே கிடைக்கலையா?"

"வாய்க்கால் நல்லா இருக்கும்டா."

"வாய்க்காலாம் வாய்க்கால். உங்களைத் தூக்கி அதுல போடணும்."

வழியெல்லாம் உபசரிப்பு பற்றிய பாடம் நடந்தது. மனசு எங்கேயோ இருக்கும்போது வாய் தானாக ஓடும் அவனுக்கு.

"கிராமத்துல யாராவது காபிக்குக் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது சார். வலது கையால வாங்கணும். சின்னக் கோப்பை. குடிச்சு முடிச்சா மறுபடி ஊத்திக்கிட்டே இருப்பாங்க. போதும்னு வாயால சொன்னா அவங்க காதுல விழாது. கோப்பையை இப்படி லேசா ஆட்டணும். ஆட்டினா நிறுத்திடுவாங்க. ஆட்டாம உக்காந்திருந்தா விடியற வரைக்கும் ஊத்துவாங்க."

யானோஷ் கையை ஆட்டி ஒத்திகை பார்த்தார். "கட்டாயம் வாங்கிக்கணுமா?" என்று கேட்டார்.

"கட்டாயம். வாங்காம விட்டா அவமானம்."

அவர் எழுதிக்கொண்டார். முகம் கொஞ்சம் யோசனையாக இருந்தது. நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை.

வாய்க்கால் நிஜமாகவே நன்றாக இருந்தது. யானோஷ் முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று படம் எடுத்தார். மர்ஹூன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பேரீச்சைத் தோப்புக்குள்ளிருந்து ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். நான் எதிர்பார்த்த ஆள்தான். முஹன்னா.

எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் விஷயத்தைப் பேச மாட்டோம். சலாம் சொன்னார், சொன்னேன். கை கொடுத்தோம்.

"என்ன செய்தி?" என்றார்.

"செய்தி ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லதுதான். உங்க பக்கம் என்ன செய்தி?"

"ஒண்ணுமில்ல."

வீடு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வோம். அதன் பிறகுதான் வாளியைக் கேட்போம். மர்ஹூனும் இறங்கி வந்து, தரையைப் பார்த்தபடி அதே "ஒண்ணுமில்ல"வைச் சொன்னான். அவன் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

முஹன்னா யானோஷைப் பார்த்தார். வெளியூர் விருந்தாளி, தன் ஊர் வாய்க்காலில் கால் நனைத்தவர். காபி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? அவரைக் கூட்டி வந்த டிரைவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கூப்பிட முடியுமா? "மூணு பேரும் வாங்க" என்று ஊன்றுகோலால் வீட்டைக் காட்டினார். மர்ஹூன் "நேரமாச்சு" என்று முனகினான். "அது என் காபிக்குத் தெரியாது" என்றார் முஹன்னா.

விருந்தாளிகள் உட்காரும் அறையில் பாய் விரித்திருந்தது. மூவரும் உட்கார்ந்தோம். யானோஷ் உள்ளங்காலை யாருக்கும் காட்டாமல் காலை மடக்கிக்கொண்டார், நோட்டில் நாற்பத்து மூன்றாவது யோசனை. உள்கட்டுக்குப் போகும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது, திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டை வைக்கும் சத்தம் கேட்டது. மர்ஹூன் பாயின் கோரையை எண்ண ஆரம்பித்தான்.

பேரீச்சம்பழம் வந்தது, கை கழுவினோம். முஹன்னா தானே கூஜாவை எடுத்து முதல் கோப்பையை யானோஷுக்கு ஊற்றினார். ஏலக்காய் வாசனை அறை முழுக்க எழுந்தது. யானோஷ் வலது கையால் வாங்கினார், நெஞ்சில் கை வைத்தார், முகர்ந்து பார்த்தார், புன்னகைத்தார். பிறகு கோப்பையில் வாய் வைக்காமல் மெதுவாகத் தன் முன்னால் பாயில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார்.

கூஜாவைப் பிடித்த முஹன்னாவின் கை அந்தரத்தில் நின்றது.

ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் விருந்தாளி கீழே வைத்தால் எங்களிடம் அதற்கு ஒரே பொருள்தான். எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது, நீ சரி என்று சொன்னால்தான் குடிப்பேன். பெண் கேட்கப் போகிறவர்கள், பகை தீர்க்கப் போகிறவர்கள், உயிர்ப்பிச்சை கேட்டுப் போகிறவர்கள் செய்கிற காரியம் அது. கேட்டு வந்தவரின் கோப்பை ஆறிப்போன வீடு என்று பேர் வந்தால் தலைமுறைக்கும் போகாது. ஆயிரம் யோசனை சொன்ன மர்ஹூன் இதை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. ஊர் சுற்ற வந்தவனுக்கு உயிர் போகிற வேண்டுகோள் எங்கிருந்து வரும் என்று விட்டுவிட்டான்.

முஹன்னா கூஜாவைக் கீழே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஷம்ஸா அப்பா," ஏழு மாசத்தில் முதல் தடவையாக மர்ஹூனைப் பேர் சொல்லாமல் மகள் பேரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார், "உன் விருந்தாளி கோப்பையைக் கீழ வெச்சுட்டார். என்ன வேணும்னு அவர் பாஷையில கேட்டு எனக்குச் சொல்லு. என் சக்திக்கு உட்பட்டது எதுவானாலும் செய்றேன். இது என் வார்த்தை."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மனிதர் வார்த்தை கொடுத்துவிட்டார்! எங்கள் தாய்மார்கள் இரண்டு பேரும் கடல் தாண்டி சான்சிபார் தீவில் பிறந்தவர்கள், அந்தத் தீவின் பாஷையான ஸ்வாஹிலி எங்களுக்கும் வரும். உள்நாட்டுக்காரர் முஹன்னாவுக்கு எங்கே வரப்போகிறது? இருமுவது போலக் குனிந்து ஸ்வாஹிலியில் சொன்னேன்:

"டேய், மடையா, இதை விட்டா வேற நேரம் கிடையாது. என் டிரைவருக்கு உங்க தங்கச்சியைக் கட்டி வைங்கன்னு வெள்ளைக்காரர் கேக்கிறார்னு சொல்லிடு. அவருக்கு நம்ம பாஷை புரியாது, இவருக்கு இங்கிலீஷ் புரியாது."

மர்ஹூன் என்னைப் பார்க்கவே இல்லை. யானோஷிடம் ஆங்கிலத்தில் கேட்டான். யானோஷின் முகம் சிவந்தது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்ததாம், அன்றிலிருந்து டாக்டர் காபியே தொடக் கூடாது என்றாராம். "நீங்கள் வாங்காமல் விட்டால் அவமானம் என்றீர்கள், அதனால் வாங்கினேன். குடித்தால் ஆபத்து, அதனால் வைத்தேன். எனக்கு ஒன்றும் வேண்டாம். வாசனை அற்புதமாக இருக்கிறது என்று தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

இப்போது எல்லாம் மர்ஹூனின் வாயில் இருந்தது. ஒன்றைப் பத்தாக்கும் வாய். இரண்டு கொத்தளத்தை நூறாக்கிய வாய். இன்றைக்கு ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அவன் வீட்டில் விளக்கு எரியும். திரை லேசாக அசைந்தது. பதினெட்டு வருஷத்தில் அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"அவருக்கு ஒண்ணும் வேண்டாமாம்" என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாரடைப்பு வந்தவர். டாக்டர் காபி குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். மறுக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அதனால வாங்கிட்டார். கீழ வெச்சா என்ன அர்த்தம்னு நான் சொல்லிக் கொடுக்கலை. தப்பு என் மேல. வாசனை அற்புதமா இருக்குன்னு சொல்லச் சொன்னார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவர் சொன்னது அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூஜாவை எடுத்து அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவனுக்கு வாய்க்கே எட்டியது, துப்பிவிட்டான்.

முஹன்னா தலையை ஆட்டினார். யானோஷின் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். அடுத்த கோப்பையில் ஊற்றி மர்ஹூனிடம் நீட்டினார். மர்ஹூன் வலது கையால் வாங்கினான். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைப் பாயில் வைத்தான்.

"அது அவர் தெரியாம வெச்சது. இது நான் தெரிஞ்சு வெச்சது" என்றான்.

யானோஷ் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழு மாசத்துக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டேனே?" என்றார் முஹன்னா.

"அப்ப அண்ணன் வாயால கேட்டேன். அவர் என்னைப் பத்தி என்னென்ன அளந்தாரோ. இப்ப என் வாயால கேக்கிறேன், உள்ளதை உள்ளபடி. சுவைனாவை எனக்குக் குடுங்க. எனக்கு அம்பத்து நாலு வயசு. ஒரு டாக்ஸி இருக்கு, ரெண்டு ரூம்ல ஒரு வீடு இருக்கு, ஒரு ரூம்ல ஏசி ஓடாது. குண்டா இருக்கேன். நிறையப் பேசுவேன், அதை நிறுத்திடுவேன்னு சத்தியம் பண்ண மாட்டேன், பண்ணினா அது பொய். ஆனா அவங்களைப் பத்தி வெளியில ஒரு வார்த்தை இதுவரைக்கும் பேசினதில்ல. அண்ணனைக் கேட்டுப் பாருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மைதான். கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் வந்த கதை எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் மற்ற முப்பது டிரைவர்களில் ஒருவனுக்குக்கூடத் தெரியாது. ஊர் முழுக்க என் மானத்தை வாங்கியவன் அவள் பேரை மட்டும் யாரிடமும் உச்சரிக்கவில்லை. இதை நான் முஹன்னாவிடம் சொன்னேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கப் போவதில்லை.

முஹன்னா யானோஷ் பக்கம் திரும்பினார். திரும்பி, நல்ல தெளிவான ஆங்கிலத்தில், "டாக்டர் சொன்னதைக் கேளுங்க சார். எனக்கும் இதயத்துல கோளாறுதான். நானும் ஒரு நாளைக்கு அரைக் கோப்பையோட நிறுத்திக்கிறேன்" என்றார்.

மர்ஹூனின் வாய் பிளந்தது. என் வாயும்தான்.

"பாலைவனத்துல, எண்ணெய்க் கிணத்துல, பதினாறு வருஷம் ஸ்டோர் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்கார இன்ஜினியருங்க" என்று எங்களிடம் திரும்பிச் சொன்னார். "யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. இவர் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சது. நீ என்ன சொல்லப் போறேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். மாரடைப்பைச் சொன்னே, வாசனையையும் சொன்னே. கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

பிறகு என்னைப் பார்த்தார். "எங்க கேம்ப்ல சமையல்காரர் சான்சிபார்க்காரர், ஹம்தான்."

பாய்க்குள் புகுந்துகொள்ள வழியிருந்தால் அன்றைக்குப் புகுந்திருப்பேன்.

மர்ஹூனின் கோப்பையிலிருந்து ஆவி எழுவது நின்றுவிட்டது. முஹன்னா தாடியைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்தார். அவருக்கும் கஷ்டம்தான். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணா, அந்தக் காபி ஆறிப் போச்சு."

"அதுக்கு என்ன இப்போ?"

"கொட்டிட்டு சூடா ஊத்துங்க. மூணு மாசம் அவர் வாயை வெச்சுத்தான் நான் ரோட்டைப் பார்த்தேன். கட்டு அவிழ்த்த பிறகு பார்த்தா, அவர் சொன்னபடிதான் எல்லாம் இருந்துச்சு."

"ஆரம்பத்துல நூறு கொத்தளம்னு சொன்னானாமே?"

"அதை நான் அன்னைக்கே ரிப்பேர் பண்ணிட்டேன்."

முஹன்னாவின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "வர்ற வாரம் வர்ற நிஸ்வாக்காரருக்கு நான் என்ன சொல்றது?"

"என்ன செய்தின்னு கேப்பார்ல? ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க."

முஹன்னா ஒரு நீண்ட மூச்சு விட்டார். மர்ஹூன் முன்னாலிருந்த கோப்பையை எடுத்தார், ஆறிப்போன காபியை வாசல் பக்கம் மண்ணில் கொட்டினார், வந்து உட்கார்ந்து, கூஜாவைச் சாய்த்துச் சூடாக ஊற்றினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடி, மச்சான்" என்றார்.

மர்ஹூன் வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான். நாக்கு வெந்திருக்கும், முகத்தில் தெரியவில்லை. முஹன்னா மறுபடி ஊற்றினார். குடித்தான். மறுபடி ஊற்றினார். நான் நடந்ததையெல்லாம் யானோஷுக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நோட்டை எடுக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது கோப்பை ஆனது. ஆறாவது ஆனது. விருந்தாளி நிறுத்தாமல் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. முஹன்னா ஊற்றிக்கொண்டே இருந்தார், பார்வையால் என்னிடம் உதவி கேட்டார். நான் "டேய்" என்றேன். அவன் காதில் விழவில்லை. யானோஷுக்குப் பொறுக்கவில்லை. பாயில் முன்னால் நகர்ந்து, வெறுங்கையை மர்ஹூனின் முகத்துக்கு நேரே பிடித்து, அவன் சொல்லிக் கொடுத்தபடியே லேசாக ஆட்டிக் காட்டினார்.

மர்ஹூன் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி ஏழாவது கோப்பைக்குக் கையை நீட்டினான்.